நிக்சி குழாயில் எரியாத எண் ஏன் இருண்டுபோகிறது, அதைத் தடுப்பது எப்படி

நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரத்தின் முள் ஒரு சுற்று வருவதற்குள் பன்னிரண்டு எண்களையும் ஒரே அளவு நேரம் தொட்டுப் போய்விடும். நிக்சி குழாய்களை, அதாவது உள்ளே 0 முதல் 9 வரை பத்து எண்களும் அடுக்கியிருக்க ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களை, வைத்துச் செய்த கடிகாரம் அப்படி இல்லை. 14:37:52 என்று ஆறு குழாய்கள் நேரம் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் நிற்கும் குழாயில் 0, 1, 2 என்ற மூன்று எண்களுக்கு மட்டும்தான் வேலை. 3 முதல் 9 வரை உள்ள ஏழு எண்கள் அதே கண்ணாடிக்குள் வருடக்கணக்கில் சும்மா நிற்கின்றன. சும்மா நிற்பவை தேயாமல் புதிதாகவே இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பதோ நேர்மாறு. என்றைக்காவது அந்தக் குழாயைக் கழற்றி வேறு இடத்தில் செருகி 7ஐ ஏற்றிப் பார்த்தால், மேல்கோடு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், கீழ்க்கோடு பாதியோடு இருண்டு நிற்கும். இந்தக் கோளாறுக்குப் பெயர் கேத்தோடு நஞ்சேறுதல். வெளியிலிருந்து எந்த விஷமும் வரவில்லை. பக்கத்தில் எரிந்த எண்ணிலிருந்துதான் வந்தது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955இல் நிக்சி குழாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எல்இடி எண்கள் மலிவாகும்வரை மின்னணு அளவுக் கருவிகளில் எண் காட்டியது பெரும்பாலும் இதுதான். இன்று கடிகாரம் செய்பவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சோவியத் காலத்துச் சரக்கு: ஐஎன்-12, ஐஎன்-14, பெரிய அளவில் ஐஎன்-18. மூன்றிலும் அடிப்படை ஒன்றே.

மெல்லிய உலோகத் தகட்டில் வெட்டிய பத்து எண்கள், ஒன்றின் பின் ஒன்றாக, நூலிழை இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு கேத்தோடு, அதாவது பள்ளிப் பாடத்தில் எதிர்மின்வாய் என்று படித்தது. அவற்றுக்கு முன்னால் கம்பி வலை போல நிற்பது ஆனோடு, நேர்மின்வாய். உள்ளே குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு, அதோடு சிறிதளவு ஆர்கான். குண்டு பல்பில் இருப்பதுபோலச் சூடாகும் இழை எதுவும் இதில் இல்லை. ஆனோடுக்கும் ஒரு எண்ணுக்கும் இடையே சுமார் 170 வோல்ட் கொடுத்தால் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். தொடங்கிய பிறகு சுமார் 140 வோல்ட் இருந்தால் போதும், அணையாது. ஒளிர்வது தகடு அல்ல, தகட்டை ஒட்டிப் போர்வைபோலப் படரும் வாயு.

அந்தப் போர்வைக்குள் நியான் அயனிகள் தகட்டை நோக்கிப் பாய்ந்து மோதிக்கொண்டே இருக்கும். மோதும்போது இரண்டு காரியம் நடக்கிறது. தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன, இவைதான் ஒளிர்வைத் தொடர்ந்து நடத்துபவை. கூடவே தகட்டின் உலோக அணுக்களும் கொஞ்சம் பெயர்ந்து தெறிக்கின்றன. தேங்காய் திருவும்போது பூ முழுதும் தட்டிலேயே விழாமல் பக்கத்துப் பாத்திரத்திலும் சிதறும் அல்லவா, அதுபோலப் பெயர்ந்த அணுக்கள் அடுத்தடுத்த எண்களின் மேல் போய்ப் படிகின்றன.

இந்தப் படிவு ஏறிய இடத்திலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். மின்சாரம் எளிதான பக்கமே போகும், ஆகவே சுத்தமான பகுதியில் மட்டும் ஒளிர்வு தங்கிவிடும். அழுக்கான பகுதியில் ஒளிர்வு இல்லை, ஒளிர்வு இல்லாததால் அயனி மோதுவதில்லை, மோதாததால் அழுக்கு நீங்குவதும் இல்லை. நாள் போகப்போகப் படிவு தடிக்கும்.

குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்த வீட்டு ஜன்னல் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் கை படும் கம்பி வழுவழுப்பாக இருக்கும். கை எட்டாத மேல்கம்பியில் உப்பு பூத்துத் துரு ஏறியிருக்கும். நிக்சி எண்ணுக்குத் துடைக்கும் துணி அதன் ஒளிர்வேதான். ஏற்றினால் சுத்தமாகும், ஏற்றாமல் விட்டால் படியும். இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை.

உலோகம் தெறிப்பதைக் குறைக்கத்தான் பிற்காலக் குழாய்களில் துளி பாதரசம் சேர்த்தார்கள். அதன் பலன் பெரிது. தொடக்கக் குழாய்களின் ஆயுள் ஏறக்குறைய 5,000 மணி நேரம், விடாமல் எரித்தால் ஏழு மாதம். கடைசிக் காலக் குழாய்கள் சிலவற்றின் ஆயுள் 2,00,000 மணி நேரம் வரை போனது, அதாவது 22 ஆண்டுகளுக்கும் மேல். குளிரில் பாதரச ஆவி குறைந்து இந்தப் பாதுகாப்பும் குறையும். குமரி மாவட்டத்து வெப்பத்தில் அந்தக் கவலை மட்டும் நமக்கு இல்லை. ஆனால் பாதரசம் தெறிப்பைக் குறைக்கும், நிறுத்தாது. நல்ல குழாயிலும் எரியாத எண்ணில் படிவு ஏறத்தான் செய்யும், மெதுவாக ஏறும்.

கணக்கு போட்டுப் பார்த்தால்

24 மணி நேர முறையில் மணியின் பத்தாம் இடக் குழாயில், அதாவது இடது ஓரக் குழாயில், 0க்கு ஒரு நாளில் 10 மணி நேரம், 1க்கு 10 மணி நேரம், 2க்கு 4 மணி நேரம். மற்ற ஏழுக்கும் பூஜ்யம். நிமிடத்தின் பத்தாம் இடத்திலும் நொடியின் பத்தாம் இடத்திலும் 0 முதல் 5 வரை தலா 4 மணி நேரம் எரியும், 6, 7, 8, 9 எரிவதே இல்லை. மணியின் ஒன்றாம் இடம் ஏறக்குறையச் சமம்: 0 முதல் 3 வரை தலா 3 மணி நேரம், 4 முதல் 9 வரை தலா 2 மணி நேரம். நிமிடம், நொடி இரண்டின் ஒன்றாம் இடக் குழாய்களில் பத்து எண்ணும் சரிசமமாகச் சுழலும். அவற்றுக்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

12 மணி நேர முறைக்கு மாற்றினால் முதல் குழாயின் நிலை இன்னும் மோசம். 10, 11, 12 மணிகளில் மட்டும் 1 எரியும், நாளுக்கு 6 மணி நேரம். முன்பூஜ்யத்தை அணைத்துவிட்டால் அந்தக் குழாயில் எரிவது 1 மட்டுமே.

தேதியும் காட்டுகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. நாளின் பத்தாம் இடம் 0 முதல் 3 வரை, மாதத்தின் பத்தாம் இடம் 0 அல்லது 1, ஆண்டின் பத்தாம் இடம் 2029 முடியும்வரை 2. பத்தாம் இடக் குழாய் மூன்றிலும் 7, 8, 9க்குத் தேதியால் ஒரு நொடிகூடக் கிடைக்காது.

பழைய அதிர்வெண் அளவி, டிஜிட்டல் வோல்ட்மீட்டர் போன்றவற்றிலிருந்து கழற்றிய குழாய்களுக்கும் இதே கதைதான். இடது ஓரக் குழாய் காலமெல்லாம் 0 காட்டியே கழிந்திருக்கும். அதன் 0 தேய்ந்திருக்கும், மற்ற ஒன்பதிலும் படிவு இருக்கும். கழற்றும்போதே எந்த இடத்துக் குழாய் எது என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பிறகு சோதிக்கும்போது காரணம் தேடி அலைய வேண்டாம்.

முதல் தற்காப்பு: சரியான மின்னோட்டம்

எண்ணைச் சுழற்றும் நிரல் பற்றித்தான் எல்லாரும் முதலில் பேசுவார்கள். மின்னோட்டம் தவறாக இருந்தால் எந்த நிரலும் உதவாது. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குறைந்த மின்னோட்டத்தில் ஒளிர்வு தகடு முழுவதையும் மூடாது. ஒரு பகுதியில் ஒதுங்கி நிற்கும். மின்னோட்டத்தைக் கூட்டக்கூட அந்தப் பரப்பு விரியும், ஒரு கட்டத்தில் எண் முழுவதையும் மூடும். அதற்கு மேலும் கூட்டினால் பிரகாசம் ஏறும், ஆனால் அயனிகள் அதிக வேகத்தில் மோதி உலோகம் தெறிப்பது மளமளவென்று உயரும். எண் முழுதும் மூடியிருக்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. அந்த அளவுதான் தயாரிப்பாளர் தாளில் போட்டிருப்பது. ஐஎன்-12, ஐஎன்-14 இரண்டுக்கும் சுமார் 2.5 மில்லி ஆம்பியர். ஐஎன்-18 உருவத்தில் பெரியது, 4 முதல் 8 மில்லி ஆம்பியர் கேட்கும்.

குழாய் ரொம்ப நாள் உழைக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் 1 மில்லி ஆம்பியரில் ஓட்டுபவர்கள் உண்டு. அது குழாய்க்குக் கெடுதல். எரியும் எண்ணிலேயே மூடாத பகுதி துடைக்கப்படாமல் நின்று, அங்கேயும் படிவு ஏறத் தொடங்கும்.

மின்னோட்டத்தை நிர்ணயிப்பது ஆனோடுக்கு முன்னால் வைக்கும் ரெசிஸ்டர். கணக்கு எளிது: சப்ளை வோல்டேஜிலிருந்து குழாய் வோல்டேஜைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். சப்ளை 180 வோல்ட், குழாய் 140 வோல்ட் என்றால் மீதி 40. அதை 2.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 16 கிலோ ஓம். கடையில் கிடைப்பது 15 கிலோ ஓம், அதைப் போட்டால் 2.67 மில்லி ஆம்பியர் ஓடும், தாராளமாகப் போதும்.

குழாய்க்குக் குழாய், எண்ணுக்கு எண் அந்த 140 வோல்ட் மாறும். 150 வோல்ட் கேட்கும் ஒரு எண் வந்தால் இதே 15 கிலோ ஓமில் 2 மில்லி ஆம்பியர்தான் ஓடும். சப்ளையை 170 வோல்டாகவும் ரெசிஸ்டரை 12 கிலோ ஓமாகவும் வைத்தவருக்கு அந்த எண்ணில் 1.67 மட்டுமே. சப்ளை 200 வோல்ட், ரெசிஸ்டர் 22 கிலோ ஓம் வைத்தவருக்கு 2.27. அதாவது சப்ளை உயரமாகவும் ரெசிஸ்டர் பெரிதாகவும் இருந்தால் படிவு ஏறிய எண்ணுக்கும் போதிய மின்னோட்டம் போய்ச்சேரும். எங்கள் பரிந்துரை 180க்குக் குறையாத சப்ளை. 22 கிலோ ஓமில் 0.16 வாட் வெப்பம் எழும், கால் வாட் தாங்கும் என்றாலும் அரை வாட் போடுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் தனி ரெசிஸ்டர். இரண்டு குழாய்களின் ஆனோடை இணைத்து ஒரே ரெசிஸ்டரில் ஓட்டினால், முதலில் பற்றிய குழாய் வோல்டேஜை இழுத்துவிடும், மற்றது மங்கும் அல்லது பற்றவே பற்றாது.

இரவில் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமா? மின்னோட்டத்தைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். நொடிக்கு 200 தடவை ஏற்றி அணைத்து, ஒவ்வொரு தடவையும் 5 மில்லி நொடியில் 1 மில்லி நொடி மட்டும் எரியவிட்டால் கண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் தெரியும். எரியும் அந்த 1 மில்லி நொடியில் முழு 2.5 மில்லி ஆம்பியர் ஓடுவதால் தகடு முழுதும் மூடப்படும். மங்கலாகத் தெரிந்தாலும் துடைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

ஆறு குழாய்களை மாறிமாறி ஏற்றும் மல்டிபிளெக்ஸ் முறை பாகங்களை மிச்சப்படுத்தும், ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் கிடைப்பதால் உச்ச மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டிவரும். முதல் கடிகாரம் செய்பவர் அதில் இறங்க வேண்டாம். குழாய்க்கு ஒன்றாக 74141 அல்லது அதன் சோவியத் இணையான கே155ஐடி1 டிரைவர் ஐசி (எந்த எண் எரிய வேண்டுமோ அதை மட்டும் இணைக்கும் சில்லு) வைத்து நேரடியாக ஓட்டுங்கள். ஒரு எண் மங்கினால் காரணம் குழாயா, சுற்றா என்று பிரித்தறிவதும் அப்போது எளிது.

கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. 180 வோல்ட் நேர்மின்சாரம் உயிரை எடுக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் அது நிற்கும். சப்ளையின் வெளியீட்டில் 4.7 மைக்ரோ ஃபாரட், 400 வோல்ட் கபாசிட்டர் இருந்தால் அதன் குறுக்கே 470 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவையுங்கள். 11 நொடியில் வோல்டேஜ் ஆபத்தில்லாத அளவுக்கு இறங்கிவிடும். இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப்பைக்குள் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும்.

ஓடும் மின்னோட்டத்தைத் தெரிந்துகொள்ளக் கம்பியை வெட்டி அம்மீட்டர் செருக வேண்டியதில்லை. ஆனோடு ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே வோல்டேஜை அளந்தால் போதும். 15 கிலோ ஓமில் 37.5 வோல்ட் காட்டினால் 2.5 மில்லி ஆம்பியர். 25 வோல்ட் காட்டினால் 1.67, அந்த எண்ணுக்கு ஊட்டம் போதவில்லை என்று பொருள்.

இரண்டாம் தற்காப்பு: எல்லா எண்ணுக்கும் முறை வைத்தல்

ஆற்றுத் தண்ணீரை வயலுக்கு முறை வைத்து விடுவதுபோல, சும்மா நிற்கும் எண்களுக்குக் கடிகாரத்தை இயக்கும் குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலர் முறை வைத்து ஒளி கொடுக்க வேண்டும். கடைகளில் வரும் கடிகாரங்கள் பலவற்றில் நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் சரசரவென்று உருளுமே, அதன் நோக்கம் இதுதான். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது எவ்வளவு நேரம் தருகிறது? எண்ணுக்கு 0.1 நொடி என்று நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டினால் ஒரு நாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் 144 நொடி, 2.4 நிமிடம். அதற்குப் பதிலாக மணிக்கு ஒருமுறை எண்ணுக்கு 6 நொடி வீதம் ஒரு நிமிடம் ஓட்டினாலும் அதே 144 நொடிதான். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். படுக்கையறையில் நிமிடத்துக்கு ஒருமுறை உருண்டால் தொந்தரவு, கடை முகப்பில் உருண்டால் ஆள் நின்று பார்ப்பார்.

பத்து எண்ணையும் சமமாக உருட்டுவது சோம்பலான வழி. ஏற்கெனவே 10 மணி நேரம் எரிந்த 1க்கு மீண்டும் நேரம் ஏன் கொடுக்க வேண்டும்? மணிக்கு ஒரு நிமிடம் ஒதுக்கி, முதல் குழாயில் 3 முதல் 9 வரை மட்டும் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் எட்டரை நொடி, நாளுக்கு மூன்றரை நிமிடம் அளவில் வரும். நிமிடம், நொடி இவற்றின் பத்தாம் இடத்தில் 6 முதல் 9 வரை மட்டும் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் 15 நொடி, நாளுக்கு 6 நிமிடம்.

இதோடு விடியற்காலை 3 மணி முதல் 3:35 வரை நீண்ட முறை ஒன்று வையுங்கள். முதல் குழாயின் ஏழு எண்களுக்கும் தலா 5 நிமிடம். நிமிடம், நொடி பத்தாம் இடங்களின் நான்கு எண்களுக்கும் தலா 8 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். இந்த நீண்ட முறைதான் உண்மையில் வேலை செய்வது. படிவு லேசாக இருக்கும்போதே தினமும் துடைத்துவிடுகிறது. கடற்கரை ஊர்களில் அந்நேரம் ஆள் எழுந்து கடலுக்குப் போகப் புறப்படும், மணி பார்க்க வேண்டியிருக்கும். அங்கே முற்பகல் 11 மணிக்கு மாற்றிவிடலாம்.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. ஆறு குழாய், பத்து எண், ஆக 60 கணக்குகள். ஒவ்வொரு எண்ணும் எத்தனை நொடி எரிந்தது என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். முறை நேரம் வந்ததும் அந்தந்தக் குழாயில் கணக்கு மிகக் குறைவாக உள்ள எண்ணை ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்த்து அடுத்த குறைவான எண்ணுக்குப் போக வேண்டும். தேதி காட்டினாலும் 12 மணி முறைக்கு மாற்றினாலும் கணக்கு தானே சரிசெய்துகொள்ளும். இதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும்: இரண்டு பைட் இடத்தில் நொடியை எண்ணினால் 65,535 நொடியில், அதாவது 18 மணி நேரத்தில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஓயாமல் எரிந்த எண் புதிதுபோலக் கணக்கில் நிற்கும். நான்கு பைட் கொடுங்கள், 60 கணக்குக்கும் சேர்த்து 240 பைட். ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் நிரந்தர நினைவகம் 1,024 பைட், தாராளம். அந்த நினைவகத்தில் ஓரிடத்தில் 1,00,000 தடவை எழுதலாம். மணிக்கு ஒருமுறை எழுதினால் ஆண்டுக்கு 8,760 தடவை, 11 ஆண்டு தாங்கும். நொடிக்கு ஒருமுறை எழுதினால் இரண்டு நாள்கூடத் தாங்காது.

இரண்டு மழைக்காலமும் காணும் மாவட்டம் இது. இடி இடித்தால் கரண்ட் போகும். நேரத்தைத் தனியாகக் காக்கும் டிஎஸ்3231 போன்ற ஐசியும் பட்டன் பேட்டரியும் இல்லையென்றால், கரண்ட் வந்ததும் கடிகாரம் 00:00:00 என்று தொடங்கும், விடியற்காலை 3 மணி முறை நட்ட நடுப்பகலில் ஓடும். குழாய்க்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சில கடிகாரங்கள் நேரம் சரிசெய்யும்வரை ஓடாமல் 12:00 என்று அப்படியே நிற்கும், அவற்றை நாட்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். ஒரே எண் ஓயாமல் எரிவதைப்போலக் கெடுதல் வேறில்லை.

ஆள் நடமாட்டம் கண்டு ஏற்றும் பிஐஆர் உணரி நல்ல சேர்க்கை. எரியாத குழாயில் தெறிப்பும் இல்லை, படிவும் இல்லை. அதிலும் கவனம் தேவை. வீட்டில் ஆள் இருப்பது மாலை 7 முதல் 10 வரை மட்டும் என்றால் முதல் குழாய் காட்டுவது 1, 2 மட்டும், இரண்டாம் குழாய் காட்டுவது 9, 0, 1 மட்டும். நன்றாகச் சுழன்றுகொண்டிருந்த இரண்டாம் குழாயும் இப்போது நோயாளிப் பட்டியலில் சேர்கிறது. உணரி வைத்தால் ஆள் இல்லாத நேரத்திலும் முறை ஓட வேண்டும், இரண்டாம் குழாயையும் அதில் சேர்க்க வேண்டும்.

சாக்கெட்டில் செருகும் ஐஎன்-12 குழாய் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடது ஓரக் குழாயை வலது ஓரத்துக்கு மாற்றி, மற்றவற்றை ஓரிடம் நகர்த்தலாம். நேராக இழுக்க வேண்டும், ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் ஊசி கண்ணாடியோடு சேரும் இடத்தில் கீறல் விழுந்து காற்று புகும். கம்பியைப் பற்றவைக்கும் ஐஎன்-14க்கு இது சரிப்படாது, முறை வைப்பதே வழி.

உப்புக்காற்றின் வேலையா, நஞ்சா?

நம் பக்கத்தில் குழப்பம் உண்டாக்கும் இன்னொன்று ஈரமும் உப்பும். தேங்காய்ப்பட்டணம் முதல் கன்னியாகுமரி வரை கடலோரத்தில் வைத்த கடிகாரத்தில், சர்க்யூட் போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஏறும். மழைக்காலத்தில் அது ஈரம் இழுத்து, 180 வோல்ட் பாதைகளுக்கு இடையே சில மைக்ரோ ஆம்பியரைக் கசியவிடும். அப்போது எரிய வேண்டிய எண்ணோடு கூடவே இன்னொரு எண் ஆவிபோல மங்கலாகத் தெரியும். இதைக் கண்டு நஞ்சேறிவிட்டது என்று பதறி மின்னோட்டத்தைக் கூட்டினால் நல்ல குழாய் கெடும்.

பிரித்தறிவது கடினமல்ல. எரிய வேண்டிய எண்ணில் ஒரு துண்டு மட்டும் இருண்டிருந்தால், அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே துண்டு என்றால், நஞ்சேறியது. எரியக் கூடாத எண் மங்கலாகத் தெரிந்தால் கசிவு, அல்லது டிரைவர் ஐசி கோளாறு. எண் முழுதும் அறவே எரியாவிட்டால் சாக்கெட் தொடர்பு அல்லது டிரைவரைப் பாருங்கள். பத்து எண்ணும் ஒரே மாதிரி அரைகுறையாக எரிந்தால் மின்னோட்டம் போதவில்லை. ஆரஞ்சுக்குப் பதில் ஊதாவோ இளஞ்சிவப்போ கலந்து பரவலாக ஒளிர்ந்தால் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது, அதற்கு மருந்து இல்லை.

கசிவுக்கு வைத்தியம் சுத்தம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல்துலக்கியால் போர்டைத் தேய்த்து, பற்றவைத்த பிசின் எச்சமும் போகும்படி கழுவி, நன்றாகக் காயவைத்து, உயர் வோல்டேஜ் பகுதியில் அக்ரிலிக் பூச்சு ஸ்பிரே அடியுங்கள். சாக்கெட் துளைகளை டேப் ஒட்டி மூடிய பிறகே அடிக்க வேண்டும். புதிதாகப் போர்டு வரைபவர்கள் 180 வோல்ட் தடங்களுக்கிடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் விடுங்கள்.

ஏற்கெனவே நஞ்சேறிய எண்ணை மீட்பது

கண்ணாடியின் உட்புறம் முகம் பார்க்கும் அளவுக்குக் கறுத்துப் பளபளத்தால் அந்தக் குழாய் உழைத்து முடித்தது. அப்படி இல்லையென்றால் பெரும்பாலான எண்களை மீட்கலாம்.

முதலில் பொறுமையான வழி. இருண்ட எண்ணை மட்டும் வழக்கமான 2.5 மில்லி ஆம்பியரில் 12 மணி நேரம் விடாமல் ஏற்றிவையுங்கள். தொடங்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டின் ஓரம் நகர்வது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. நெடுநாள் பெட்டியில் கிடந்த குழாய்கள் பல இந்த ஒரு சிகிச்சையிலேயே முழுதாக எரியத் தொடங்கும். சில எண்களுக்கு அரைமணி நேரமே போதும்.

ஓரம் நகரவே இல்லையென்றால் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். சப்ளையை 200 வோல்டுக்கு ஏற்றி, 12 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர், வழக்கத்தைப்போல இரு மடங்கு. ரெசிஸ்டரின் குறுக்கே 60 வோல்ட் அளவில் காட்டும். அதிக மின்னோட்டத்தில் ஒளிர்வு வேறு வழியின்றிப் படிவு உள்ள இடத்துக்கும் பரவும், பரவியதும் அயனிகள் அதை உரித்தெடுக்கத் தொடங்கும். ஒரு மணி நேரம் ஏற்றி, கால் மணி நேரம் அணைத்து ஆறவிடுங்கள். இப்படி ஐந்தாறு தடவை போகலாம். சின்னத் துண்டு ஓரிரு மணியில் போகும், பெரிய இருட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். மேற்சொன்ன அளவு ஐஎன்-12, ஐஎன்-14க்கு. ஐஎன்-18க்கு அதன் தாளிலுள்ள அளவிலிருந்து தொடங்குங்கள்.

நடுவில் எண்ணைத் தாங்கும் இணைப்புக் கம்பிகள் ஒளிர்ந்தாலோ, நீலப் புள்ளிகள் தோன்றினாலோ, அணைத்த பின் கண்ணாடியைத் தொட முடியாதபடி சுட்டாலோ மின்னோட்டம் அதிகம், உடனே குறையுங்கள். இருட்டு நீங்கிய நிமிடமே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் சுத்தமாகும் என்ற ஆசையில்தான் பல குழாய்கள் வீணாகின்றன. மிஞ்சும் நேரமெல்லாம் நல்ல உலோகம்தான் உரியும்.

உரிந்தது எங்கே போகும்? பக்கத்து எண்களுக்குத்தான். 7ஐ மீட்டால் அதன் முன்னும் பின்னும் அடுக்கியிருக்கும் எண்கள் அழுக்காகும். ஆகவே மீட்பு முடிந்ததும் பத்து எண்ணையும் வழக்கமான மின்னோட்டத்தில் தலா 10 நிமிடம் ஒரு சுற்று ஓட்டுங்கள். புதிதாக எதிலாவது இருட்டு தெரிந்தால் அதற்கு மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள். அதன் பிறகு குழாயைக் கடிகாரத்தில் செருகி, அன்றிரவே முறை ஓடுகிறதா என்று ஒருமுறை விழித்திருந்து பார்த்துவிடுங்கள்.

மீட்பின்போதோ கழற்றும்போதோ குழாய் உடைந்தால் உள்ளே பாதரசம் இருந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, துண்டுகளைக் கெட்டி அட்டையால் வாரி, மூடி உள்ள பாட்டிலில் அடையுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டுமே பாதரசத்தைப் பரப்பிவிடும்.